கரும்பலகையில் ஏறாத பெயர்கள்

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளியில் படித்த யாருக்கும் அந்தப் பட்டியல் நினைவிருக்கும். டீச்சர் ஹெச்.எம். அறைக்குப் போனதும் வகுப்புத் தலைவன் எழுந்து, கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கோடு கிழிப்பான். மேலே ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு. கீழே வரிசையாகப் பெயர்கள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதற்கும் மசியாவிட்டால் ‘அடங்காதவர்கள்’ என்று தனிப் பட்டியல். தலைவனுக்கு வேண்டியவன் பேசினால் பெயர் ஏறாது, கடலை மிட்டாய் ஒன்று கைமாறினால் ஏறிய பெயரும் அழிந்துவிடும் என்பதெல்லாம் வகுப்பறிந்த ரகசியம்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இந்தப் பட்டியலுக்கு ஓர் எதிர்ப் பட்டியலை நான் படித்த பள்ளியிலும் பார்த்ததில்லை, வேலைக்கு வந்த பிறகும் வெகுகாலம் பார்த்ததில்லை. பக்கத்தில் இருப்பவளின் பென்சில் தொலைந்துபோனபோது தன் பென்சிலை இரண்டாக ஒடித்து ஒன்றை நீட்டியவளின் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. சத்துணவு வரிசையில் முட்டை தவறி விழுந்தவனுக்குத் தன் முட்டையில் பாதியைப் பிய்த்துப் போட்டவனின் பெயரும் அப்படித்தான். சாலையில் கிடந்த பணப்பையைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்த மாணவனுக்குச் சால்வை போர்த்திப் படம் எடுப்போம், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கைதட்டச் சொல்வோம். அது ஆண்டுக்கு ஒரு முறை நடந்தால் அதிகம். முட்டை தினமும் விழுகிறது.

சரி, எழுதிவிட்டால் போகிறது, ஸ்டார் கொடுத்துவிட்டால் போகிறது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பிள்ளைகளின் நல்ல செயலைக் கவனித்துப் பாராட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாராட்டும் விதம் தவறினால் பாராட்டப்பட்ட குணமே கெட்டுப்போகிறது. உளவியலாளர்கள் ஐம்பது ஆண்டுகளாக இதை ஆராய்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிகள் அதே ஐம்பது ஆண்டுகளாக அந்த ஆராய்ச்சியைப் பாதி கேட்டும் பாதி கேளாமலும் ஸ்டாரும் டிக்கெட்டுமாக அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

அந்த டிக்கெட்டின் ஊற்று பள்ளிக்கூடம்கூட இல்லை. 1960களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆனா அரசு மனநல மருத்துவமனையில் டியோடொரோ அயோனும் நேதன் ஆஸ்ரினும் ஒரு முறையைச் சோதித்தார்கள். நீண்டகாலமாக உள்ளேயே இருந்த நோயாளிகள் தாமாக உடுத்திக்கொண்டால், ஒரு வேலையைச் செய்தால், ஒரு டோக்கன். டோக்கனைச் சேர்த்துவைத்து வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். அது அங்கே பலன் கொடுத்தது. அங்கிருந்து அந்த யோசனை சிறப்புக் கல்வி வகுப்புகளுக்கும், பிறகு எல்லா வகுப்புகளுக்கும் பரவியது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் கல்விக்கான அமெரிக்கச் சட்டம் 1997-ல் திருத்தப்பட்டபோது, தண்டனைக்குப் பதில் நல்ல நடத்தையை ஊக்குவிக்கும் அணுகுமுறை சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அந்த அடிப்படையில் அமைந்த ‘பி.பி.ஐ.எஸ்.’ ஏற்பாடு இன்று அங்கே 25,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடக்கிறது. நல்ல காரியம் கண்ணில் பட்டால் ஆசிரியர் ஒரு சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். சீட்டுகளைச் சேர்த்துப் பள்ளிக்குள் இருக்கும் குட்டிக் கடையில் அழிப்பான், பொம்மை என்று வாங்கலாம். 2011-ல் வந்த கிளாஸ்டோஜோ செயலியோ சீட்டையும் ஒழித்துவிட்டது. ஆசிரியர் போனில் ஒரு தட்டு, பிள்ளையின் கணக்கில் ஒரு புள்ளி, அம்மாவின் போனிலும் அது தெரியும். நம் ஊர் ஆங்கிலப் பள்ளிகளின் ‘ஸ்டார் ஆஃப் த வீக்’கும் ஸ்மைலி ஸ்டிக்கரும் இதே குடும்பம்தான்.

இனி என் கதை. ஓர் ஆண்டு மூன்றாம் வகுப்புச் சுவரில் ஒரு சார்ட் மாட்டினேன். எல்லோர் பெயரும் அதில். யாருக்காவது உதவினால் ஒரு தங்க நிற ஸ்டார். பத்து ஸ்டாருக்கு ஒரு ஸ்கெட்ச் பாக்கெட், என் கைக்காசில். முதல் வாரம் வகுப்பே வேறு வகுப்பு மாதிரி இருந்தது. பை தூக்க ஆள், தண்ணீர் பாட்டில் நிரப்ப ஆள், நோட்டு அடுக்க ஆள். ஊரில் மழை பெய்ததற்கும் அந்தச் சார்ட்தான் காரணம் என்று நினைக்கிற அளவுக்கு நான் பூரித்துப்போயிருந்தேன்.

இரண்டாம் வாரம் ஒருவன் பக்கத்துப் பையனின் டப்பாவை முழங்கையால் மெதுவாகத் தள்ளிவிட்டு, அது விழுந்த சத்தம் அடங்கும் முன்னே குனிந்து எடுத்து, “டீச்சர், நான் எடுத்துக் குடுத்தேன்” என்றான். மூன்றாம் வாரம் மைதானத்தில் ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் முழங்கால் சிராய்த்து விழுந்தான். என் வகுப்பிலிருந்து இருவர் ஓடினார்கள். நான் திரும்பிப் பார்க்கும்போது ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். “நான்தான்டா மொதல்ல பாத்தேன்.” “நீ போடா, ஒனக்குத்தான் ஒம்போது ஸ்டார் இருக்குல்ல.” நடுவில் பொடியனின் அழுகை விழுந்தபோது இருந்ததைவிட இரண்டு மடங்கு.

அன்று சாயங்காலமே சார்ட்டைக் கழற்றிவிட்டேன். மறுநாள் காலை வெறும் சுவரைப் பார்த்த ஒருத்தி, கிண்டல் துளியும் இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகத்தோடு கேட்டாள்: “இனிமே யாரும் உதவி பண்ண வேணாமா டீச்சர்?”

அந்தக் கேள்விக்கு உளவியலில் 1973-லேயே பதில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் பிங் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் செய்த சோதனை அது. ஸ்கெட்ச் பேனாவால் படம் போடுவதில் ஏற்கெனவே ஆசையுள்ள 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள். ஒரு குழுவிடம், படம் போட்டால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த ‘நல்ல ஆட்டக்காரர்’ சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்குச் சொல்லாமல், போட்டு முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, சான்றிதழ் பேச்சே இல்லாமல் வகுப்பில் பேனாக்களை வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் படம் போடுகிறார்கள் என்று கவனித்தார்கள். முன்பே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் தங்கள் விளையாட்டு நேரத்தில் 8.59 சதவீதம்தான் பேனாவோடு இருந்தார்கள். பரிசே இல்லாதவர்கள் 16.73. எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்கள் 18.09. ஆசையாகச் செய்துகொண்டிருந்த ஒன்று, கூலிக்குச் செய்வதாக மாறியதும் பாதியாகிவிட்டது.

இந்தச் சோதனையைப் பற்றிப் பேசுபவர்கள் பலர் முதல் எண்ணோடு நிறுத்திவிடுவார்கள், ‘பரிசே கூடாது’ என்று. எனக்கு மூன்றாவது எண் முக்கியமாகப் படுகிறது. சான்றிதழ் எல்லோருக்கும் ஒன்றுதான், ரிப்பனும் ஒன்றுதான். முன்கூட்டியே பேரம் பேசப்பட்டதா இல்லையா என்பது மட்டும்தான் வேறு. என் சார்ட்டின் கோளாறு தங்க நிறத்தில் இல்லை, அடியில் நான் எழுதிவைத்த ‘10 ஸ்டார் = 1 ஸ்கெட்ச் பாக்கெட்’ என்ற விலைப் பட்டியலில் இருந்தது.

படம் போடுவது வேறு, உதவுவது வேறு என்று யாராவது சொல்லலாம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் நேரடியாக உதவியையே சோதித்தார்கள். 2006-ல் வந்த அவர்களுடைய ஆய்வில் குழந்தைகளுக்கு 18 மாதம், பேச்சே முழுதாக வராத வயது. துணி காயப்போடும் ஆள் கிளிப்பைத் தவறவிட்டுக் கை எட்டாமல் தவித்தால் குழந்தை தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுக்கிறது. அவர் கிளிப்பை வேண்டுமென்றே வீசி எறிந்தால் கொடுப்பதில்லை. தேவை எது, சேட்டை எது என்று அதற்குத் தெரிகிறது. 24 குழந்தைகளில் 22 பேர் ஒரு முறையாவது உதவினார்கள். 2008-ல் 20 மாதக் குழந்தைகளோடு அடுத்த கட்டம். ஒவ்வோர் உதவிக்கும் சிலருக்கு விளையாட்டுப் பொருள், சிலருக்கு வாயால் பாராட்டு, சிலருக்கு ஒன்றுமில்லை. பிறகு பொருளை நிறுத்தியதும், பொருள் வாங்கிப் பழகிய குழந்தைகளின் உதவி மற்ற இரு குழுக்களையும்விடத் தெளிவாகக் குறைந்தது. பாராட்டு மட்டும் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை.

தொடக்கப் பள்ளி வயதிலும் இதே கதைதான். 1989-ல் ரிச்சர்ட் ஃபேப்ஸும் நான்சி ஐசன்பெர்க்கும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் இருக்கும் பிள்ளைகளுக்காக வண்ணக் காகிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலையைப் பள்ளிப் பிள்ளைகள் செய்தார்கள். முதல் முறை பரிசு வாங்கியவர்கள், விருப்பமிருந்தால் செய்யலாம் என்று விட்டபோது குறைவாகவே செய்தார்கள். யாரிடம் இந்தச் சரிவு அதிகம் என்பதுதான் சுவாரசியம். வீட்டில் எதற்கெடுத்தாலும் பரிசு கொடுத்துக் காரியம் சாதிக்கும் அம்மாக்களின் பிள்ளைகளிடம். ‘தம்பியைப் பாத்துக்கிட்டா சாக்லேட்’ என்பது நம் வீடுகளில் எத்தனை சகஜம்!

இந்த மனநிலைக்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டுப் பழமையான பெயரே உண்டு. இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவிக்கு ஆகும் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பவனைப் புறநானூற்றுப் புலவர் ‘அறவிலை வணிகன்’ என்கிறார், ஆய் அண்டிரன் அப்படிப்பட்டவன் அல்லன் என்று புகழ்வதற்காக. நான் மூன்றாம் வகுப்பில் ஒன்றரை டஜன் அறவிலை வணிகர்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

அப்படியானால் வாய்ச்சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாமே? நிறுத்தலாம், ஆனால் என்ன சொல் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ‘சமத்து’, ‘தங்கப் பிள்ளை’, ‘வெரி குட்’ எல்லாம் எங்களுக்கு மூச்சு விடுவதுபோல வந்துவிடும், அவற்றுக்குப் பெரிய பொருளும் இராது. அமைதியாகக் கைகட்டி உட்கார்ந்திருப்பவனும் ‘சமத்து’தான், அழுதவளைத் தேற்றியவளும் ‘சமத்து’தான். எதற்காகச் சொன்னேன் என்று பிள்ளைக்குத் தெரியாது.

கனடாவைச் சேர்ந்த ஜோன் குரூசெக்கும் எரிக்கா ரெட்லரும் 1980-ல் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். விளையாட்டில் ஜெயித்த கோலிகளை ஏழைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்த சிறுவர்களில் சிலரிடம், ‘நீ செய்தது நல்ல காரியம்’ என்றார்கள். வேறு சிலரிடம், ‘முடிந்தபோதெல்லாம் பிறருக்கு உதவ விரும்பும் ஆள் நீ’ என்றார்கள். எட்டு வயதுக்காரர்களில் இரண்டாவது சொல்லைக் கேட்டவர்களே, நாள் கழித்து முற்றிலும் வேறொரு சந்தர்ப்பத்திலும் அதிகம் உதவினார்கள். ஐந்து வயதில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு பிடிப்பில்லை. பத்து வயதிலோ இரண்டு சொல்லும் வேலை செய்தன. தன்னைப் பற்றி ‘நான் இப்படிப்பட்டவன்’ என்று பிள்ளை ஒரு சித்திரம் வரையத் தொடங்கும் வயது எட்டு என்பதால், அந்த நேரத்தில் கொடுத்த வண்ணம் ஒட்டிக்கொள்கிறது என்பது பொதுவான விளக்கம்.

2014-ல் கிறிஸ்டோபர் பிரையன் குழுவினர் இன்னும் சின்னப் பிள்ளைகளிடம், ‘உதவி செய்’ என்பதைவிட ‘உதவியாளராக இரு’ என்றால் அதிகம் செய்கிறார்கள் என்று காட்டினார்கள். உடனே எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் சில ஆண்டுகளில் நியூயார்க் பல்கலைக்கழகத்திலிருந்து எமிலி ஃபாஸ்டர்-ஹான்சன், மர்ஜரி ரோட்ஸ் முதலியோரின் ஆய்வு வந்தது. உதவப்போன இடத்தில் பொருள் கொட்டிவிடுகிறது, உடைந்துவிடுகிறது. அப்போது ‘உதவியாளர்’ என்று பெயர் வாங்கிய பிள்ளைதான் அதிகம் நொடிந்துபோகிறது, அடுத்த கடினமான வேலைக்கு முன்வரத் தயங்குகிறது. ‘உதவி செய்’ என்று மட்டும் கேட்ட பிள்ளை, ‘போகட்டும், இன்னொன்று’ என்று போய்விடுகிறது. பட்டம் கொடுத்தால் பட்டம் பறிபோகும் பயமும் கூடவே வருகிறது. வீட்டில் ‘எங்க வீட்டு நல்ல பிள்ளை’ என்ற பெயரைச் சுமந்து வளர்ந்த மூத்த பெண்களிடம் கேட்டால் ஆய்வு இல்லாமலே சொல்வார்கள்.

நான் இப்போது செய்வது, நடந்ததை நடந்தபடி சொல்வது. “அவனுக்கு முட்டை விழுந்துச்சு, நீ ஒன்னோடதுல பாதி குடுத்த. அவன் அழுகையை நிறுத்திட்டான், பாத்தியா?” அவ்வளவுதான். தங்கமும் இல்லை, சமத்தும் இல்லை. செய்தவன் பார்வையை என் முகத்திலிருந்து திருப்பி, வாங்கியவன் முகத்துக்குக் கொண்டுபோய் விடுவதுதான் அந்த வாக்கியத்தின் வேலை.

இதெல்லாம் என் கண்ணில் பட்டால்தானே? முப்பத்தைந்து பிள்ளைகளை இரண்டு கண்ணால் பார்க்கிறேன். அதிலும் ஆசிரியர் கண்ணில் படுவது ஆசிரியருக்குச் செய்யும் உதவிதான். சாக்பீஸ் எடுத்துவருவது, நோட்டுக் கட்டைத் தூக்குவது, வாசலில் போய் டீ வாங்கிவருவது. அந்த வேலைக்கு நாங்கள் கூப்பிடும் பெயர்களும் பெரும்பாலும் அதே நாலைந்துதான். கூட்டுவதற்குப் பெண் பிள்ளைகள், கடைக்குப் போகப் பையன்கள். ‘உதவி’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஏவல் ஒளிந்துகொள்ளும். பள்ளிக் கழிப்பறையைக் கழுவ ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை ஏவிய செய்திகள் தமிழ்நாட்டிலிருந்தும் வெளியிலிருந்தும் எத்தனை முறை வந்திருக்கின்றன! கேட்டால் அங்கேயும் ‘பசங்க உதவியா செஞ்சாங்க’ என்றுதான் பதில் வரும். ஆகவே உதவியைப் பாராட்டுகிறேன் என்று ஒரு பள்ளி சொன்னால், யாருக்கு யார் செய்த உதவி என்று கேட்டுவிட்டுத்தான் நான் கைதட்டுவேன்.

மேலும், பிள்ளைகள் எல்லோரும் பாராட்டுக்கு ஏங்கி நிற்பதாக நினைப்பதும் பெரியவர்களின் கற்பனை. 1997-ல் காங் லீ குழுவினர் சீனாவிலும் கனடாவிலும் 7, 9, 11 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கதை சொன்னார்கள். யாரும் பார்க்காதபோது ஒரு சிறுவன் பள்ளி வளாகத்தில் கிடந்த குப்பையைப் பொறுக்கிச் சுத்தம் செய்கிறான். டீச்சர் வந்து யார் செய்தது என்று கேட்கிறார். ‘நான்தான்’ என்று சொல்வது நல்லதா, ‘நான் இல்லை’ என்பது நல்லதா? கனடாப் பிள்ளைகள் உண்மையைச் சொல்வதே நல்லது என்றார்கள். சீனப் பிள்ளைகளோ வயது கூடக்கூட, செய்ததை மறைக்கும் பொய்யை மேலும் மேலும் நல்லதாக மதித்தார்கள். செய்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது என்ற வளர்ப்பு. ‘சொல்லிக்காட்டுவது’ என்ற சொல்லே நம் மொழியில் வசவு அல்லவா? நம் வகுப்பிலும் ‘யார் இதைச் செஞ்சது’ என்றால் எழுந்து நிற்பவன் ஒருவன். தலையைக் குனிந்து ரப்பரைத் தேடுபவள் ஒருத்தி. ஸ்டார் எப்போதும் முதல் ஆளுக்கே போய்ச் சேரும்.

கூட்டத்தின் எதிரே கொடுப்பவரைப் பிள்ளைகள் எப்படி எடைபோடுகிறார்கள் என்றும் பார்த்திருக்கிறார்கள். கெயில் ஹேமன் குழுவின் 2014 ஆய்வில், 6-7 வயதினர் எல்லோர் முன்பும் கொடுத்தவரிடம் எந்த உள்நோக்கத்தையும் காணவில்லை. 8 முதல் 10 வயதினரோ, யாருக்கும் தெரியாமல் கொடுத்தவரையே மேலாக மதித்தார்கள். அதாவது மூன்றாம் வகுப்பைத் தாண்டியவுடன், வழிபாட்டுக் கூட்டத்தில் மேடையேற்றிக் கைதட்டச் சொன்னால், கீழே நிற்கும் பாதிப் பேர் மனதில் ‘இவன் சீன் போடுறான்’ என்று ஓடும். மேடையேறியவனுக்கும் அது தெரியும். அடுத்த முறை அவன் ரப்பரைத் தேடுவான். கனடாவில் ஜான்-டைலர் பின்ஃபெட், சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் பள்ளியில் தாங்கள் செய்த அன்பான செயலைப் படமாக வரையச் சொல்லிச் சேகரித்தவர். யாருக்கும் தெரியாமல், பேர் வாங்காமல் செய்யும் உதவியை ‘சத்தமில்லாத கருணை’ என்று தனியாகப் பெயரிட்டுப் பேசுகிறார் அவர். சார்ட்டுக்கு அது எட்டாது.

அப்படியென்றால் பார்ப்பது யார்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த யோசனை வருகிறது. பிள்ளைகளே பார்க்கட்டும்.

பிள்ளைகள் ஏற்கெனவே வகுப்பு முழுக்க ஒற்றர்கள். “டீச்சர், இவன் கிள்றான்”, “டீச்சர், இவ காப்பி அடிக்கிறா” என்று நாளுக்கு நாற்பது புகார். அந்தத் திறமையை அப்படியே திருப்பிப் போட்டவர் கிறிஸ்டோபர் ஸ்கின்னர். ஆங்கிலத்தில் போட்டுக்கொடுப்பது ‘டாட்லிங்’. தன் புகழைத் தானே ஊதுவதற்கு அங்கே கொம்பு ஊதுவதாகச் சொல்வார்கள், அது ‘டூட்’. இரண்டையும் கலந்து ‘டூட்லிங்’ என்று அவரும் கூட்டாளிகளும் பெயர் வைத்தார்கள். 2000-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒரு நாலாம் வகுப்பில் நடந்தது. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு சிறு அட்டை. சக மாணவர் ஒருவர் இன்னொரு சக மாணவருக்கு உதவுவதைப் பார்த்தால் யார், என்ன செய்தார், யாருக்கு என்று மூன்றே தகவல் எழுத வேண்டும். தன்னைப் பற்றி எழுத முடியாது. எழுதப்பட்ட மொத்த எண்ணிக்கை வகுப்பில் ஒரு ஏணிப் படத்தில் மேலேறிக்கொண்டே போகும். குறித்த படியைத் தொட்டதும் வகுப்பு முழுவதற்கும் கூடுதல் விளையாட்டு நேரம்.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். பரிசு உதவியவனுக்கு இல்லை. பார்த்து எழுதியவனுக்கும் தனியாக இல்லை. எவன் பெயர் எத்தனை முறை வந்தது என்ற போட்டிக்கே இடமில்லை. பொடியனின் கையை இருவர் இழுக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. யாராவது ஒருவர் தூக்கினால் போதும், மற்றவர் எழுதினால் போதும்.

ஏணியையும் விளையாட்டு நேரத்தையும் எடுத்தபோது அட்டைகளின் எண்ணிக்கை குறைந்தது, திரும்ப வைத்தபோது ஏறியது. இதைப் பார்த்துவிட்டு ‘பரிசு நின்றதும் அன்பும் நின்றது’ என்று சொல்லக் கூடாது. அங்கே எண்ணப்பட்டவை எழுதப்பட்ட அட்டைகள்தான், செய்யப்பட்ட உதவிகள் அல்ல. எழுதுவது வேலை, வேலைக்குத் தூண்டுதல் வேண்டும். பின்னால் வந்த ஆய்வுகள் அட்டையைத் தாண்டி வகுப்பின் நடத்தையையே அளந்தன. டூட்லிங் நடக்கும் நாட்களில் கலாட்டா குறைவதைக் கண்டன.

இதற்கு உறவான இன்னொரு முறையும் உண்டு. அமெரிக்காவில் நெப்ராஸ்காவில் இருக்கும் பாய்ஸ் டவுன் என்ற பிள்ளைகள் இல்லத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் 1990களில் உருவாக்கியது. வகுப்பில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் இருக்கும். அந்தப் பிள்ளையை அன்றைக்குக் கவனிக்க வேண்டிய ஆளாக அறிவித்து, அவன் செய்த நல்லதைப் பார்த்துச் சொல்பவர்களுக்குச் சிறு பரிசு. சில வாரங்களில் அந்தப் பிள்ளையோடு மற்றவர்கள் பேசுவது கூடுகிறது. ஆரம்பத்தில் எனக்கு இது கொஞ்சம் செயற்கையாகப் பட்டது. பிறகு யோசித்தால், ‘அடங்காதவர்கள்’ பட்டியலில் வாரம் முழுக்க ஒரே பெயர் இருப்பதும் இதே அளவு செயற்கைதான். அந்தப் பெயரைக் கண்டாலே தலைவனுக்குச் சாக்பீஸ் தானாக எழுதும். பார்க்கப் பழக்கிய கண் பழக்கியதைத்தான் பார்க்கிறது.

பெரியவர் பாராட்டே இல்லாமல் நடந்த சோதனையும் ஒன்று இருக்கிறது. 2012-ல் கிறிஸ்டின் லேயஸும் உடன் ஆய்வாளர்களும் கனடாவின் வான்கூவரில் 19 வகுப்புகளில், 9 முதல் 11 வயதுப் பிள்ளைகள் 400-க்கும் மேற்பட்டோரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதி வாரத்துக்கு மூன்று நல்ல செயல் செய்து குறித்துவைக்க வேண்டும். மறு பாதி தாங்கள் போய்வந்த மூன்று இடங்களைக் குறித்தால் போதும். நாலு வாரம். அம்மா களைத்திருந்தபோது கட்டிக்கொண்டேன், மதியச் சாப்பாட்டில் கொஞ்சம் கொடுத்தேன் என்கிற ரகம். ஸ்டார் இல்லை, சீட்டு இல்லை, கடை இல்லை. முடிவில் இரண்டு தரப்பும் முன்பைவிட மகிழ்ச்சியாகவே இருந்தார்கள். ஆனால் பள்ளி நடவடிக்கைகளில் யாரோடு சேர்ந்திருக்க விரும்புகிறாய் என்று வகுப்பில் பெயர் கேட்டபோது, நல்ல செயல் செய்தவர்களின் பெயரைச் சொன்னவர்கள் சராசரியாக ஒன்றரைப் பேர் கூடியிருந்தார்கள். மறு தரப்பினருக்குக் கூடியது அதைவிடக் குறைவு. நாலு வாரத்துக்கு ஒன்றரை நண்பர் என்பது எந்த ஸ்கெட்ச் பாக்கெட்டையும்விடப் பெரிது, பத்து வயதில்.

என் வகுப்பில் இப்போது பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தைக் கத்தரித்த துண்டுகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. ஊரில் பத்திரிகைக்குப் பஞ்சமில்லை. யார், என்ன, யாருக்கு. எழுதி இன்னொரு பாட்டிலில் போட வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவில் ஐந்தாறை எடுத்துப் படிப்பேன், அதற்கு முன்னால் சம்பந்தப்பட்ட பிள்ளையிடம் காதோடு கேட்டுக்கொள்வேன். வேண்டாம் என்றால் துண்டை அவன் கையிலேயே கொடுத்துவிடுவேன். பலர் அதை வாங்கிப் புத்தகத்துக்குள் மயிலிறகு மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். ஏணியும் உண்டு. நூறு துண்டானால் ஒரு பிரிவு முழுக்க கபடி.

எல்லாம் ஒழுங்காக நடப்பதாகச் சொல்ல மாட்டேன். முதல் மாதம், நண்பர்கள் இருவர் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதி எண்ணிக்கையை ஏற்றினார்கள். எழுத்து வராத பிள்ளைகள் படம் வரைந்து போடுகிறார்கள், அதில் யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. பாட வேலையை முடித்துக்காட்ட வேண்டிய வாரங்களில் பாட்டில் திறக்கப்படாமலே கிடக்கும். ‘பேசியவர்கள்’ பட்டியலையும் நான் முழுதாக ஒழித்துவிடவில்லை. ஹெச்.எம். அறைக்குப் போய்த்தானே ஆக வேண்டும்?

போன பருவத்தில் ஒரு துண்டு வந்தது. எழுதியவள், வாசிக்கத் திணறும் ஒருத்தி. இரண்டு எழுத்துப் பிழையோடு, “நான் தப்பா படிச்சப்ப இவன் மட்டும் சிரிக்கல” என்று இருந்தது. பையனிடம் போய்க் கேட்டேன். அவனுக்கு அப்படி ஒன்று நடந்ததே நினைவில் இல்லை. படித்துக்கொள்ளலாம் என்றான். படித்தேன். வகுப்பில் உடனே தகராறு. “டீச்சர், அவன் ஒண்ணுமே செய்யலையே, சும்மாதான இருந்தான், அதை எப்படி எண்றது?” என்றான் ஏணிக்குப் பொறுப்பாளன். பாதி வகுப்பு அவன் பக்கம். எழுதியவள் எழுந்திருக்கவில்லை, மேசையைச் சுரண்டிக்கொண்டே, “செஞ்சான்” என்று மட்டும் சொன்னாள். ஏணியில் ஒரு படி ஏற்றினோம்.